துருவேறிய 69 மாலிபு: கட்டுப்படியாகுமா?

பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்ட விலை 6,000 டாலர். வண்டி 1969 ஷெவ்ரலே ஷெவெல் மாலிபு; ஷெவெல் என்பது மாடல், மாலிபு அதில் ஒரு ரகம். இரண்டு கதவு, வி8 இன்ஜின், நீல நிறம். 1988-க்குப் பிறகு அவர் வீட்டு கராஜை விட்டு அது வெளியே வரவே இல்லை. வீட்டை விற்றுவிட்டு அரிசோனாவில் இருக்கும் மகளிடம் போகப்போகிறார். வெளியாளுக்குக் கொடுப்பதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று தோன்றியதாகச் சொன்னார். அந்த கராஜ் கதவு திறக்கும்போதெல்லாம் நான் எட்டிப் பார்ப்பது அவருக்குத் தெரியும்.

எனக்கு அந்த வண்டி மேல் ஆசை உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவில் வளர்ந்தவள் நான். இப்போது டெட்ராய்ட் புறநகர் ஒன்றில், கார் பாடித் தகடுகளில் துரு பிடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. தகட்டை வளைக்கிற கலை எனக்கு உயிர். ஷெவெலின் பின் பக்கத் தகடு கதவு முடிகிற இடத்திலிருந்து கிளம்பி, சக்கரத்துக்கு மேலே மெல்ல எழும்பி, டிக்கி முனை வரை ஒரே வீச்சில் இறங்கும். அதற்கு அச்சு செதுக்கியவர்கள் பெரிய கெட்டிக்காரர்கள்.

ஆனால் இந்த மாதிரி வண்டிகளில் வாங்கும் விலைதான் இருப்பதிலேயே சின்னத் தொகை. அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று கணக்குப் போடாமல் யாரும் கையை நீட்டக்கூடாது. அந்தக் கணக்கை இந்த இரண்டு மாதமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் இது என்ன வண்டி என்பதைத் தெரிந்துகொள்ளவேண்டும். மசில் கார், அதாவது நடுத்தர அளவு வண்டிக்குள் பெரிய இன்ஜினைப் போட்டு வேகத்துக்காகவே செய்த வகையை ஆரம்பித்து வைத்தது 1964 பாண்டியாக் ஜிடிஓ என்று பொதுவாகச் சொல்வார்கள். நடுத்தர அளவு வண்டிகளுக்குப் பெரிய இன்ஜின் போடக்கூடாது என்று பாண்டியாக், ஷெவ்ரலே இரண்டுக்கும் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு விதி இருந்தது. பாண்டியாக்கின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்களும் 389 கன அங்குல இன்ஜினை டெம்பெஸ்ட் என்ற தங்கள் நடுத்தர வண்டிக்குள் உட்காரவைத்து, 'இது வாங்குபவர் கேட்டால் போடும் கூடுதல் ஆப்ஷன்தான்' என்று அந்த விதியைத் தாண்டிப் போனார்கள். 5,000 வண்டி போனால் பெரிது என்று நினைத்திருந்தார்கள். முதல் வருடத்திலேயே 32,000-க்கு மேல் விற்றது. பிறகு எல்லா கம்பெனியும் அந்த வழியில் இறங்கியது. ஷெவ்ரலே தரப்பில் வந்தது 396 கன அங்குல இன்ஜின் போட்ட ஷெவெல் எஸ்எஸ் 396.

பெரியவரின் வண்டி கிரில்லிலும் 'எஸ்எஸ்' என்று ஒரு பேட்ஜ் இருக்கிறது. "நான் வாங்கும்போதே இருந்தது, நிஜமா இல்லையான்னு எனக்குத் தெரியாது" என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். அவர் இதை வாங்கியது 1974-இல், செகண்ட் ஹேண்டாக. அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி, பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நின்ற குளிர்காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. வி8 வண்டி வைத்திருந்தவர்கள் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். பிரஸ் ஷாப்பில் இரண்டாம் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்த ஒரு இளைஞருக்கு அப்படித்தான் இது கைக்கு வந்தது.

1969-இல் எஸ்எஸ் என்பது தனி மாடல் கிடையாது, ஆப்ஷன் தொகுப்பு. அதனால் வின் எண்ணில், அதாவது வண்டியின் அடையாள எண்ணில், அது தெரியாது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் டேஷ்போர்டின் இடது ஓரத்தில் 136379பி என்று தொடங்கும் எண் தெரிகிறது. 136 என்றால் வி8 போட்ட மாலிபு, 37 என்றால் இரண்டு கதவு ஹார்ட்டாப் (பக்கக் கண்ணாடிகளுக்கு நடுவில் தூண் இல்லாத பாடி), 9 என்றால் 1969, பி என்றால் பால்டிமோர் தொழிற்சாலை. மீதியை வண்டிக்கு அடியில் படுத்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். பின் ஆக்ஸில் மூடியில் எத்தனை போல்ட் என்று எண்ணினேன்: பத்து. எஸ்எஸ் 396-க்குப் பன்னிரண்டு இருக்கவேண்டும். முன் சக்கரத்தைக் கழற்றினால் டிரம் பிரேக். அந்த வருட எஸ்எஸ் தொகுப்பில் முன்பக்கம் டிஸ்க் பிரேக் சேர்ந்தே வரும். இன்ஜின் பிளாக்கில் வலது பக்க ஹெட்டுக்கு முன்னால் விரல் அகலத்தில் ஒரு சமதளம் இருக்கும். பிரேக் கிளீனர் அடித்துத் துணியால் துடைத்ததும், எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியிலிருந்து எண்கள் மேலே வந்தன. வின் எண்ணின் கடைசி இலக்கங்களோடு அச்சு அசலாகப் பொருந்துகின்றன. ஆக, பிறந்தபோது வந்த அதே இன்ஜின்: 307 கன அங்குலம், 200 குதிரைத்திறன். அதுவும் அந்தக் காலத்து அளவு. சைலன்சர், ஃபேன் எதுவும் மாட்டாமல் வெறும் இன்ஜினை மட்டும் டெஸ்ட் ஸ்டாண்டில் ஓட்டி எடுத்த எண். 1972-இலிருந்து எழுதிய முறைப்படி பார்த்தால் இன்னும் குறையும்.

கறாராகச் சொன்னால் இது மசில் கார் இல்லை. மசில் காரின் உடம்பு போட்ட குடும்ப வண்டி. எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் பணக் கணக்கில் இது பெரிய வித்தியாசம். நான் பார்த்துவரும் விளம்பரங்களில், நல்லபடியாக ஓடுகிற, பார்க்க லட்சணமான 307 மாலிபு 25,000-லிருந்து 35,000 டாலருக்குள் போகிறது. காகிதச் சான்றோடு நிற்கும் உண்மையான எஸ்எஸ் கிட்டத்தட்ட அதைப்போல் இரண்டு மடங்கு. அதனால்தான் பேட்ஜை ஒட்டி, பானெட்டை மாற்றி, 'ட்ரிப்யூட்' என்று பெயர் வைத்து விற்கிறார்கள். என்னையும் அப்படிச் செய்யச் சொன்னவர்கள் உண்டு. நான் வாங்கினால் முதலில் கழற்றப்போவது அந்த பேட்ஜைத்தான்.

இனி துரு.

டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில் ஏறத்தாழ 1,200 அடி ஆழத்தில் ஒரு உப்புச் சுரங்கம் இருக்கிறது. வெட்டத் தொடங்கி நூறு வருடத்துக்கும் மேல் ஆகிறது. மேலே கார்களைச் செய்துகொண்டே, கீழேயிருந்து உப்பை எடுத்துப் பனிக்காலத்தில் சாலைகளில் கொட்டிய ஊர் இது. உப்பு கலந்த ஈரம் சீக்கிரம் காயாது. இரும்பிலிருந்து மின்னூட்டம் ஓட நல்ல பாதை போட்டுக் கொடுக்கும். இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்த இடுக்குக்குள் அது நுழைந்துவிட்டால் உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். வெளியே பெயின்ட்டில் ஒரு கொப்புளம் தெரிகிறதென்றால் உள்பக்கம் ஏற்கெனவே இற்றுப்போயிருக்கும். இன்றைக்கு நாங்கள் வாங்கும் தகட்டில் இரண்டு பக்கமும் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. துரு முதலில் துத்தநாகத்தைத் தின்னும், இரும்பை விட்டுவைக்கும். அதற்கு மேல் முழு பாடியையும் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சிப் பூசுகிறோம், மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிடும். 1969-இல் பாடித் தகடு பெரும்பாலும் வெறும் இரும்பு. மேலே பிரைமர், பெயின்ட். உள் பொந்துகளில் அதுகூட ஒழுங்காக இருக்காது.

துணி சுற்றிய காந்தம், டார்ச், மொக்கையான ஸ்க்ரூடிரைவர். பார்ப்பதற்கு இவை போதும். என் மகள் டார்ச் பிடித்தாள். பின் சக்கரத்துக்குப் பின்னால், தகட்டின் கீழ்ப்பாதியில் காந்தம் நிற்காமல் நழுவி விழுந்தது. விரல் கணுவால் தட்டினால் மேலே கணீரென்கிறது, கீழே டொக்கென்கிறது. பட்டி. யாரோ எப்போதோ ஓட்டையை மூடி, தேய்த்து, பெயின்ட் அடித்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் அதே கதைதான். பின் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் பளபளப்பான பட்டையின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தோம். அதற்கடியில் தேங்கும் தண்ணீர் டிக்கிக்குள் இறங்கும் என்பது இந்த வண்டிகளில் எல்லோருக்கும் தெரிந்த வியாதி. டிக்கிக் கம்பளத்தை விலக்கியதும் கராஜின் சிமென்ட் தரை தெரிந்தது. டிரைவர் காலடியிலும் ஒரு ஓட்டை.

இதெல்லாம் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் இதற்கெல்லாம் மருந்து உண்டு. ஷெவெலுக்குத் தரைத் தகடு, டிக்கித் தரை, பக்கத் தகடு, கதவு, ஃபெண்டர் என்று எல்லாமே புதிதாக அடித்து விற்கிறார்கள். லட்சக்கணக்கில் ஓடிய வண்டி என்பதால் கிடைக்கும் வசதி இது. அதிகம் ஓடாத மாடலாக இருந்தால் ஒரு டிக்கித் தரைக்காகப் பழைய இரும்புக் கடைகளில் வருடக்கணக்கில் அலையவேண்டி வரும்.

நான் பயந்தது சேஸிஸுக்குத்தான். மஸ்டாங், சேலஞ்சர் மாதிரி வண்டிகளில் பாடியே சேஸிஸ். ஷெவெலில் லாரி போலத் தனிச் சேஸிஸ் மேல் பாடி போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். ஹார்ட்டாப்பில் சேஸிஸின் பக்கச் சட்டங்கள் ஒரு பக்கம் திறந்த ஆங்கில 'சி' வடிவம். பின் ஆக்ஸிலுக்கு மேலே அது வளைந்து ஏறும் இடத்தில் சேறும் உப்பும் தங்கும். பின் ஆக்ஸிலைப் பிடித்து வைத்திருக்கும் நான்கு கைகளும் சேஸிஸோடுதான் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பிடிமானம் விட்டுப்போனால் ஓடுகிற வேகத்தில் ஆக்ஸில் பக்கவாட்டில் திரும்பிவிடும். மிஷிகனில் வருடாந்திர வாகனப் பரிசோதனை என்று ஒன்று கிடையாது. இற்றுப்போன சேஸிஸோடு சாலையில் இறங்கினால் தடுக்க ஆளில்லை. அதனால் பார்க்கவேண்டிய பொறுப்பு முழுக்க வாங்குகிறவருடையது.

வலது பக்கம் முழுக்க ஸ்க்ரூடிரைவரால் குத்திக்கொண்டே வந்தேன். மேல் துரு பொரிந்து உதிர்ந்தது, அடியில் கெட்டி இரும்பு. இடது பக்கம், வளைவின் அடியில், ஒரு இடத்தில் முனை சரக்கென்று உள்ளே போய்விட்டது. "அம்மா, கைப்பிடி வரைக்கும் போயிடுச்சு!" என்று கத்திவிட்டாள் மகள். துருவைச் சுரண்டி எடுத்துப் பார்த்தபோது உள்ளங்கை அளவு ஓட்டை. அதைச் சுற்றி ஒரு சாண் தள்ளி நல்ல கனமான இரும்பு. ஆக்ஸில் கைகள் மாட்டும் இடங்கள் நான்கும் உறுதியாக இருந்தன. அந்த இடத்தில் தீர்மானம் பாதி ஆகிவிட்டது. ஓட்டை அந்தப் பிடிமானங்களில் இருந்திருந்தாலோ, இரண்டு பக்கமும் பரவியிருந்தாலோ, பெரியவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

இன்ஜினுக்குப் போவோம். இத்தனை வருடம் நின்ற இன்ஜினைச் சாவி போட்டுத் திருப்பக்கூடாது. ஸ்பார்க் பிளக் எட்டையும் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு வாரம் ஊறவிட்டோம். பிறகு கிராங்க் போல்ட்டில் நீளமான பாரை மாட்டித் தள்ளினேன். முதலில் அசையவில்லை. தோளை வைத்து அழுத்தியபோது ஒரு முனகலோடு நகர்ந்தது, பிறகு முழுச் சுற்று வந்தது. பெரியவர் கராஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து பாரைத் தானும் ஒரு முறை பிடித்துத் திருப்பினார்.

இப்போது பணம். பழைய வண்டிகளை முழுசாக மீட்டெடுத்துக் கொடுக்கும் ஒரு ஷாப்பில் படங்களைக் காட்டி உத்தேசக் கணக்குக் கேட்டேன். மணிக்கு 110 டாலர் கூலி. டிங்கரிங்கும் பெயின்ட்டும் மட்டும் 450 மணி நேரம் என்றார்கள், அதுவே 49,500. புதுத் தகடுகள் 6,500. இன்ஜினைப் பிரித்துச் செய்ய 5,500. உள் அலங்காரம் 3,500. ஒயரிங் 1,000. பிரேக், சஸ்பென்ஷன், டயர் 4,000. பம்பர், கண்ணாடி, ரப்பர் 2,500. மொத்தம் 72,500. வண்டி விலை 6,000 சேர்த்தால் 78,500 டாலர். முடிந்த பிறகு விற்றால் அதிகபட்சம் 35,000. கூலி அதிகம் என்று ஷாப்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பட்டியை உரித்து, வெட்டி, புதுத் தகட்டைப் பொருத்தி, கதவு இடைவெளியை நூல் பிடித்தாற்போல் கொண்டுவரும் வேலைக்கு அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும். என் கணவர் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் புதுசாவே ஒண்ணு வாங்கிடலாமே" என்றார். நியாயமான கேள்வி.

ஆக, 307 மாலிபுவை ஷாப்பில் கொடுத்து முழுசாக மீட்டெடுப்பது கட்டுப்படியாகாது. உண்மையான எஸ்எஸ்ஸாக இருந்தாலே இழுபறிதான். பழைய வண்டி ஓட்டவேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், ஏற்கெனவே ஒருவர் மீட்டெடுத்து விற்பதை வாங்குங்கள். அவர் போட்ட உழைப்பில் பாதிக்குமேல் உங்களுக்கு இனாமாக வருகிறது. போகும்போது காந்தத்தை மறக்காதீர்கள்.

நாமே செய்தால் கூலி மிச்சம், ஆனால் மணி நேரம் குறையாது. எனக்கு 450 இல்லை, 900 ஆகும். வார இறுதிகளில் மட்டும் செய்தால் மகள் காலேஜுக்குப் போய்விடுவாள், வண்டி பெட்டி பெட்டியாகக் கிடக்கும். பாதி பிரித்துப்போட்ட வண்டியின் விலை, பிரிப்பதற்கு முன் இருந்ததைவிடக் குறைவு. போல்ட் எங்கே, கிளிப் எங்கே என்று யாருக்கும் தெரியாத அப்படிப்பட்ட வண்டிகள் விளம்பரங்களில் நிறைய வருகின்றன. ஒவ்வொன்றும் ஒரு நல்ல எண்ணத்தில் ஆரம்பித்ததாகத்தான் இருக்கும்.

நான் எடுத்திருக்கும் முடிவு வேறு. மீட்டெடுப்பு என்ற பெரிய வார்த்தையை விட்டுவிட்டு, வண்டியைப் பத்திரமாக ஓடவைப்பது மட்டும். சேஸிஸை நானே தொடமாட்டேன். கனரக வெல்டிங் தெரிந்த ஒரு ஷாப்பில் அந்தத் துண்டை வெட்டிப் புதிதாக வைக்க 2,200 சொல்லியிருக்கிறார்கள். பிரேக் குழாய்கள், சிலிண்டர்கள் எல்லாம் புதிது, 900. பெட்ரோல் டேங்க், குழாய், பம்ப், 700. டயர் 800. தரைக்கும் டிக்கிக்கும் தகடு 900. அதை நானும் மகளும் வெல்டிங் செய்வோம். அவளுக்கு இப்போதே பழைய தகட்டுத் துண்டுகளில் பழக்கிக்கொண்டிருக்கிறேன். கார்புரேட்டர், ரேடியேட்டர், இக்னிஷன் எல்லாம் சேர்த்து 900. மொத்தம் 6,400. பொந்துகளுக்குள் மெழுகு அடிப்பது என் சொந்த வேலை, அலுவலகத்தில் செய்வதே அதுதான். பெயின்ட்டைத் தொடப்போவதில்லை. பக்கத் தகட்டில் இருக்கும் பட்டியும் இன்னும் சில வருடம் இருந்துவிட்டுப் போகட்டும், அது யாரையும் கொல்லாது.

சேஸிஸ் ஓட்டையைப் பெரியவரிடம் டார்ச் அடித்துக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "4,500 கொடு" என்றார். நான் பேரம் பேசவில்லை. ஆக மொத்தம் 10,900. எதிர்பாராத செலவுக்கும் இடம் விட்டு 13,000-இல் கோடு போட்டிருக்கிறேன். அந்தப் பணத்துக்கு ஓடுகிற, முழுசான, இன்ஜின் எண் பொருந்துகிற ஒரு மாலிபுவை நாளைக்கு விற்கவேண்டி வந்தாலும் பெரிய நஷ்டம் இருக்காது. என் கணவரும் இந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கராஜில் இடம் ஒதுக்கத் தொடங்கிவிட்டார்.

மிஷிகனில் இவ்வளவு பழைய வண்டிக்கு ஹிஸ்டாரிக் பிளேட் என்ற தனி நம்பர் பிளேட் வாங்கலாம். கண்காட்சி, கிளப் ஊர்வலம் என்று போய்வரலாம். ஆகஸ்ட் மாதம் மட்டும் எப்போது வேண்டுமானாலும் ஓட்டலாம். டெட்ராய்ட்டின் வுட்வர்ட் அவென்யூ சாலையில் 1995-இலிருந்து ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார் ஊர்வலம் நடப்பதும் அதே ஆகஸ்டில்தான். 1960-களில் இதே சாலையில் இந்த வண்டிகளை ராத்திரியில் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்டவர்கள், இன்று பேரப்பிள்ளைகளோடு மடக்கு நாற்காலி போட்டு ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இந்த வருடம் முடியாது, அடுத்த ஆகஸ்ட்தான் இலக்கு. பெரியவர் அரிசோனாவிலிருந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

டைட்டில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரம், என் பெயருக்கு மாற்றும் வேலை இந்த வாரம். அது முடிந்ததும் முதலில் பெட்ரோல் டேங்கை இறக்கப்போகிறோம். அந்த வருடங்களில் தொழிற்சாலையில் ஒவ்வொரு வண்டிக்கும் என்னென்ன போடவேண்டும் என்று அச்சடித்த பில்ட் ஷீட் காகிதம் சில சமயம் டேங்க்கின் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். கிழியாமல் இருந்தால் படம் எடுத்துப் போடுகிறேன்.